மாலை மறைத்த நம்பர்

பால் பொங்குவதற்குள் முடிவு செய்துவிட வேண்டும். ஆமாம் என்றால் ஒரு வார்த்தை, இல்லை என்றால் ஒரு வார்த்தை, இதற்குப் போய் என்ன பெரிய முடிவு, ஆனால் கை என்னைக் கேட்காமலே அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டது, இன்னும் கொஞ்சம் நேரம் கிடைக்கட்டும் என்று. கூடத்தில் பாலகுரு உட்கார்ந்திருக்கிறான். என் வீட்டுக் கூடத்தில். என் வீட்டுக்காரர் உட்காரும் மர நாற்காலியில், அவர் போனபிறகு நான்கூட உட்காராத நாற்காலியில், வந்ததும் வராததுமாகப் பொத்தென்று உட்கார்ந்துவிட்டான், உட்காரலாமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூடப் பிறந்த தம்பி. முப்பது வருஷத்துக்கு மேல் இருக்கும், இந்த வாசலை மிதித்ததில்லை, கடைத்தெருவில் எதிரே வந்தால் மருந்துக்கடைப் பக்கம் திரும்பிக்கொள்வான், இன்றைக்கு வந்து நின்று, "என்னக்கா, நல்லாருக்கியா?" என்கிறான், நேற்றுச் சாயங்காலம் பேசிவிட்டுப் போனவன் மாதிரி. நல்லாத்தான் இருக்கேன். நீ வாசல்லயே நிறுத்தி விரட்டியும் நல்லாத்தான் இருக்கேன். அதை வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். கூட அந்த ரயில்வேக்காரப் பெண் யாழினி நின்றுகொண்டிருந்ததால் விட்டேன். மதுரையிலிருந்து வந்திருக்கிறாள், பழைய சாமான்களையெல்லாம் பாதுகாக்கிற வேலையாம், முகத்தில் அத்தனை பணிவு, அவள் முன்னால் குழாயடிச் சண்டை போடுகிறவளாக நான் தெரியவேண்டாம் என்று வாங்க உட்காருங்க காபி போடறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. இவனுக்கு நான் காபி போட வேண்டுமா?

போடுவோம். காபி போடுகிற சாக்கில்தான் இந்தப் படம் என் கைக்கு வந்தது. கண்ணாடி அடுப்படியில இருக்கும்மா, பார்த்துட்டு வந்து சொல்றேன் என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கண்ணாடி என் தலைமேலேயே இருந்தது. அந்தப் பெண் அதைப் பார்த்தும் படத்தைக் கொடுத்தாள், நல்ல பிள்ளை. இப்போது படம் அஞ்சறைப் பெட்டியில் சாய்ந்து நிற்கிறது, கறுப்பு வெள்ளை, ஓரமெல்லாம் பழுப்பேறியிருக்கிறது, ஸ்டூடியோக்காரர் வீட்டுப் பரணில் கிடந்ததாம். நான் இஞ்சினை மட்டும் பார்க்கிறேன். பக்கத்தில் நிற்கிற ஆளை இன்னும் பார்க்கவில்லை. பார்க்கலாம், அவசரமில்லை. டிகாக்‌ஷன் இறங்கியிருக்கிறதா? பாதிதான் இறங்கியிருக்கிறது. பில்டரின் தலையில் ஒரு தட்டுத் தட்டினேன். "இந்தப் படத்துல இருக்கிற இஞ்சினும் ஸ்டேஷன் முன்னாடி மேடையில நிக்கிற இஞ்சினும் ஒண்ணுதானான்னு உறுதிப்படுத்தணும்மா" என்றாள் யாழினி, கூடத்தில் படத்தை என்னிடம் கொடுக்கும்போது. "நம்பரை மாலை மறைச்சிருச்சு. அந்தக் காலத்துப் பதிவு எதுவும் எங்க கையில இல்ல. படம் எடுத்தப்ப கூட இருந்தவங்க யாராச்சும் சொன்னாத்தான் கல்லுல டிரைவர் பேரும் படமும் பதிக்க முடியும்." இவன் உடனே, "அதான் நான் சொல்றேன்லம்மா, அது எங்க அப்பா இஞ்சின்தான், சும்மா கையெழுத்துக்காகத்தான் இங்க வந்தது" என்றான். அதற்கு அவள் சொன்னாள், "சார், நீங்க அப்ப கைக்குழந்தை." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கைக்குழந்தைதான். என் இடுப்பில்தான் இருந்தான். அன்றைக்கு ஆயுத பூஜை. வருஷத்தில் அந்த ஒருநாள்தான் பெண்டுபிள்ளைகளை ஷெட்டுக்குள் விடுவார்கள், இஞ்சினைக் குளிப்பாட்டி, பித்தளையெல்லாம் புளிபோட்டுத் தேய்த்து, நெற்றியில் பட்டையாகச் சந்தனம், குங்குமம், ரெண்டு பக்கமும் வாழைக்கன்று, ஆளுயரச் செவ்வந்தி மாலை, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்க, நான் அவர் பக்கத்திலேயே நின்றேன், இவனை இடுக்கிக்கொண்டு. அம்மாவுக்கு இவன் பிறந்ததிலிருந்து உடம்பு சரியில்லை, அதனால் பதினாலு வயதிலேயே நான் இவனுக்குத் தாய். என் பாவாடையை நனைத்தான் அன்றைக்கு. பொரிகடலையை ஒவ்வொன்றாக மென்று இவன் வாயில் வைத்தேன். அந்த வாய்தான்.

அந்த வாய்தான் சொன்னது, உள்ள வராத என்று. அப்பா செத்த அன்றைக்கு. யாரோ சைக்கிளில் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள், நான் போட்டது போட்டபடி ஓடினேன், ஓடுகிறபோதே பானையில் கைவிட்டு ஒரு கை அரிசி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன், வாய்க்கரிசி போட. பெற்ற மகள் போடாமல் யார் போடுவது? கேட்டுக்குள் இவன் நின்றான், இருபத்தொரு வயசு, மீசை அப்போதுதான் ஒழுங்காக முளைத்திருந்தது, பின்னால் சித்தப்பாக்கள் சுவர் மாதிரி. "உன் மொகத்துல முழிக்கக் கூடாதுன்னு அப்பா சொல்லிட்டுப் போயிருக்காரு, வந்த வழியே போயிரு" என்றான். ஏண்டா, நான் அவர் முகத்தைப் பார்த்துட்டுப் போறேண்டா, அவர் என் முகத்தைப் பார்க்கவா போறார் என்று கெஞ்சினேன், தெருவே வேடிக்கை பார்த்தது. கேட்டின் கம்பி வழியாகப் பாதம் மட்டும் தெரிந்தது, கட்டை விரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அவ்வளவுதான் நான் பார்த்தது. அப்பாவின் ரெண்டு பாதம். அரிசியை வீட்டுக்குக் கொண்டுவந்து என்ன செய்வதென்று தெரியாமல் மூன்றுநாள் முந்தானையிலேயே வைத்திருந்தேன், பிறகு கோழிக்குப் போட்டேன். கோழி தின்றது. அப்பா அப்படிச் சொன்னாரா, இவனாகச் சொன்னானா? இதை எத்தனை ஆயிரம் தடவை கேட்டுக்கொண்டாயிற்று, பாத்திரம் தேய்க்கும்போது, பஸ்ஸில், கோயிலில், சர்ச்சில் முழந்தாளிட்டிருக்கும்போது. சொல்லியிருப்பார் என்று ஒருநாள் தோன்றும். சொல்லியிருக்க மாட்டார் என்று மறுநாள். சொல்லியிருந்தால் அவர் மேல் ஆத்திரம், சொல்லவில்லையென்றால் இவன் மேல் ஆத்திரம், எப்படியும் ஆத்திரத்துக்குக் குறைவில்லை.

பால் ஓரத்தில் லேசாக நுரைக்கிறது. இன்னும் பொங்கவில்லை. சரி, இஞ்சினைப் பார். இஞ்சின் விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை, படத்தை வாங்கிய நிமிஷமே தெரிந்துவிட்டது. ராமேஸ்வரம் மெயில் இழுக்க அந்த வருஷம் இந்த மானாமதுரை ஷெட்டில் இருந்தது ரெண்டே இஞ்சின். ஒன்று அப்பாவுடையது. இன்னொன்று மரியசூசை டிரைவருடையது. அப்போதெல்லாம் ஒரு இஞ்சினுக்கு ஒரு டிரைவர், கட்டின பெண்டாட்டி மாதிரி, அடுத்தவன் தொட்டால் கோபம் வரும். அச்சில் வார்த்ததுபோல ரெண்டும் ஒன்றுதான், வெளியாள் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் அப்பா குள்ளம். ஏறுகிற படி அவருக்கு எட்டாது, தாவித் தாவி முழங்கால் போனதும் ஷெட்டுக் கொல்லரிடம் சொல்லி, படிக்கும் கீழே இன்னொரு சின்னப் படி, செருப்பளவு இரும்புப் பட்டை, ஒட்டவைத்துக்கொண்டார். குட்டைப்படி சங்கரலிங்கம் என்றுதான் ஷெட்டில் பேர். இதோ படத்தில் அந்தக் குட்டைப்படி, வாழை இலைக்கும் சக்கரத்துக்கும் நடுவில், பூசணிக்காய் உடைத்த சிதறலுக்கு மேலே. யாழினி பார்த்திருக்க மாட்டாள், பார்த்தாலும் அது என்னவென்று அவளுக்கு எப்படித் தெரியும். ஸ்டேஷன் முன்னால் மேடையில் நிற்கிற இஞ்சினுக்கு அந்தப் படி கிடையாது. இருக்காது. அது மரியசூசையின் இஞ்சின். அப்பாவுடையதைக் காஸ் வைத்து வெட்டிக் கூறுகூறாக வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள், எந்த உலையில் உருகியதோ, எந்தக் கட்டிடத்துக்குள் கம்பியாகக் கிடக்கிறதோ. மேடையில் நிற்கிறது மரியசூசையின் இஞ்சின் என்று எனக்கு எப்படித் தெரியும் என்றால், மரியசூசை என் மாமனார். உயிரோடு இருந்தவரைக்கும் சாயங்காலமானால் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு போய் அதன் முன்னால் நின்று, பச்சையும் சிவப்புமாகப் பெயிண்ட் அடித்து என் கழுதையைப் பொம்மையாக்கிட்டானுங்களே என்று திட்டிவிட்டு வருவார்.

அந்த மரியசூசையின் மகனைத்தான் நான் கட்டிக்கொண்டேன். தனிஸ்லாஸ். அதுதான் நான் செய்த குற்றம். ரெண்டு டிரைவரும் ஒரே லைனில் வண்டி ஓட்டலாம், பாம்பன் பாலத்தில் உப்புக்காற்றில் ஒருவருக்கொருவர் விசிலடித்துக்கொள்ளலாம், ஆயுத பூஜைக்குச் சர்ச்சுக்குப் போகிற வேதக்கார டிரைவரும் நெற்றியில் சந்தனம் வைத்துக்கொண்டு சுண்டல் வாங்கித் தின்னலாம், பெண் மட்டும் எடுக்கக்கூடாது. அப்பாவுக்கு அதற்குப் பிறகு மரியசூசை என்ற பேரே ஆகாது. மெயில் மாற்றிக்கொடுக்கும்போதுகூடப் பேசமாட்டாராம், பயர்மேனிடம் சொல்லி அனுப்புவாராம், மாமனார் சொல்லிச் சிரிப்பார். மாமனார் எல்லாவற்றுக்கும் சிரிப்பார். அதைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாகக்கூட இருக்கும்.

ஆக, உண்மையைச் சொன்னால் போதும். அது எங்க அப்பாதான், ஆனா மேடையில நிக்கிறது அவரு இஞ்சின் இல்ல. முடிந்தது. பாலகுரு பத்திரிகை அடித்தாயிற்று, ஸ்டேஷன் ரோடு முழுக்க பிளெக்ஸ், மெயில் ஓட்டிய மாவீரர் சங்கரலிங்கம் நினைவுக் கல் திறப்பு விழா, மாவீரராம், கீழே கைகூப்பிக்கொண்டு இவன், வார்டு எலெக்‌ஷனில் நிற்கப்போகிறானாம். அத்தனையையும் இறக்க வேண்டியிருக்கும். ஊர் சிரிக்கும். நினைக்கவே வாய் இனிக்கிறது. ஆனால் போதுமா அது? போதாது. ஒரு விழா நின்றுபோகும், ரெண்டு மாசத்தில் ஊர் மறந்துவிடும், இவன் இந்தப் படத்தைக் கொண்டுபோய்ச் சட்டம் போட்டு நடுக் கூடத்தில் மாட்டிக்கொள்வான். அப்பாவுக்கு வேறு படமே கிடையாது. எனக்குத் தெரியும், ரயில்வே பாஸில் இருந்த ஒரே போட்டோவையும் கறையான் தின்றுவிட்டது, இவன் வீட்டில் மாலை போட்டு வைத்திருப்பது பிளெக்ஸ்காரன் குத்துமதிப்பாக வரைந்த யாரோ ஒரு மீசைக்காரர். அதனால்தான் இந்தப் படத்துக்கு இத்தனை அலைச்சல். இவனுக்கு இஞ்சினும் வேண்டும், முகமும் வேண்டும். எனக்கு முகத்தைத் தராதவனுக்கு நான் ஏன் தர வேண்டும்?

அப்போதுதான் அது தோன்றியது. இப்போதுதான், இந்த அடுப்பு முன்னால், கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு. மாற்றிச் சொன்னால்? இஞ்சின் அதுதான், நிக்கிறது அப்பா இல்ல. மேடையில் நிற்கிற இஞ்சின் மரியசூசையுடையது என்பது சத்தியம், அதற்கு இன்னும் ரெண்டு கிழம் சாட்சி சொல்லும். படத்தில் இருப்பதும் அதே இஞ்சின் என்று நான் ஒரே ஒரு பொய் சொன்னால், பக்கத்தில் நிற்கிறவர் தானாக மரியசூசை ஆகிவிடுவார். முகம் கட்டைவிரல் நகத்தளவுதான் இருக்கிறது, கரி, தொப்பி நிழல், சந்தனம். யார் மறுப்பது? இவனுக்கு இஞ்சினும் போகும், முகமும் போகும். கல்லில் என் மாமனார் பேர் ஏறும். அதோடு, அப்பாவும் வாங்கிக்கட்டிக்கொள்வார். யாருடைய பேரைக் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாரோ அந்தப் பேரைக் காலடியில் வைத்துக்கொண்டு, ஊர் போகிற வருகிற வழியில், வெயிலிலும் மழையிலும் நிற்பார். முகத்துல முழிக்கக் கூடாதா? ஊரே முழிக்கட்டும், உன் பேர் யாருக்கும் தெரியாமல். மயிர்க்காலெல்லாம் சிலிர்க்கிறது. பயமா, சந்தோஷமா, தெரியவில்லை. பொய் பாவமில்லையா? பாவம்தான். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்ளலாம், சாமியார் பத்து அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்வார், சொல்லிவிட்டுப் போகிறேன். பிள்ளையாருக்குத் தனியாக ஒரு தேங்காய். நான் ரெண்டு பக்கமும் கும்பிடுகிறவள், ரெண்டு பக்கமும் கட்டவேண்டியதைக் கட்டிவிடுவேன். ஆனால் அந்தப் பெண் கெட்டிக்காரி, குட்டைப்படி என்னவென்று கேட்டால்? அது அப்ப எல்லா இஞ்சினுக்கும் இருந்துச்சும்மா, பெறகு ஒடைஞ்சிருக்கும். அவர் இருந்தால் என்ன சொல்வார்? தனிஸ்லாஸ் இருந்தால், வேண்டாம் பூரணம், விட்டுடு என்பார். அவர் எதையும் விட்டுவிடுவார். அவர் இல்லையே.

பால் பொங்கிவிட்டது. அடுப்பை அணைத்தேன், கொஞ்சம் வழிந்தது, துடைக்க வேண்டும். மூன்று டம்ளர். அந்தப் பெண்ணுக்கு அரைச் சர்க்கரை என்று கேட்டுக்கொண்டேன். இவனுக்கு? இவனுக்கு எவ்வளவு போடுவது? டப்பாவைத் திறந்து கைநிறைய அள்ளித் தின்று எறும்பு மொய்க்க நிற்பான், அது நாலு வயசில். இப்போது சர்க்கரை வியாதி இருக்கிறதோ என்னவோ, ஐம்பது தாண்டிவிட்டானே. கூடப் பிறந்தவனுக்குக் காபிக்கு எவ்வளவு சர்க்கரை என்று தெரியவில்லை எனக்கு. என்மேலேயே கோபம் வந்தது, ரெண்டு கரண்டி அள்ளிப் போட்டேன். தட்டில் வைத்துவிட்டுப் படத்தை எடுத்தேன். கடைசியாக ஒரு தடவை. இப்போது பார்த்துவிடு, வெளியே போனபிறகு இது மரியசூசை. கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்த்தேன். அப்பாதான். அப்பாவேதான். நான் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன், காபி இன்னும் வரவில்லையே என்று பாலகுரு கூடத்திலிருந்து செருமினான்.

வெளியே வந்து கொடுத்தேன். யாழினி எழுந்து ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். இவன் ஒரு கையால் எடுத்துக்கொண்டு, "பார்த்தியாக்கா?" என்றான்.

"பார்த்தேன்."

"மேடையில நிக்கிற இஞ்சின்தான?"

"அதேதான்."

"நான் சொல்லலையாம்மா?" என்று தொடையைத் தட்டிக்கொண்டு அவள் பக்கம் திரும்பினான். அவன் முழுசாகத் திரும்பட்டும் என்று காத்திருந்தேன்.

"இஞ்சின் அதேதான். ஆனா நிக்கிறது நம்ம அப்பா இல்ல" என்றேன். "அந்த இஞ்சினை ஓட்டினது எங்க மாமனாரு. இது அவருதான்."

இதற்குத்தான், இந்த நிமிஷத்துக்குத்தான் அன்றைக்குக் கேட்டுக்கு வெளியிலிருந்து நான் நடந்துகொண்டே வந்திருக்கிறேன். இப்போது இவன் முகம் இடிய வேண்டும். கத்த வேண்டும், பொய் சொல்றா என்று எழுந்து குதிக்க வேண்டும், குதித்தால் அந்தப் பெண் முன்னாலேயே கேட்பேன், உங்க அப்பா முகம் உனக்குத் தெரியாதாடா, கொள்ளி வச்சவன் நீதானே என்று. வார்த்தையெல்லாம் நாக்கு நுனியில் வரிசையாக நின்றது. பாலகுரு படத்தை வாங்கினான். கண்ணை இடுக்கி, கையை நீட்டித் தள்ளிப் பிடித்துக்கொண்டு பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினான்.

"எனக்குமே உள்ளுக்குள்ள ஒரு சந்தேகம் இருந்துச்சுக்கா" என்றான். குரலில் அந்த மேடைப் பேச்சு போயிருந்தது. "எல்லாரும் அவருதான்னு சொல்லவும் நானும் நம்பிட்டேன். ஆனா இந்த ஆளு சிரிக்கிறாருல்ல. பல்லு தெரிய, வாயத் தொறந்து. அப்பா சிரிச்சு நான் பார்த்ததில்லையே. நீ போனப்ப எனக்குப் பத்து வயசு. அதுக்கு முன்னாடி சிரிச்சாரான்னு சரியா நெனப்பில்ல. அதுக்குப் பெறகு வீட்டுல ரேடியோகூட வைக்கவிட மாட்டாரு. தீபாவளிக்கும் அப்படியே உக்காந்திருப்பாரு. இது அவரா இருக்காது." படத்தை யாழினியிடம் நீட்டிவிட்டான். காபியைக் குடித்தான். "பத்திரிகைதான் வீணாப் போச்சு" என்றான்.

அவன் எதையும் இழக்கவில்லை. அவனிடம் இருந்தால்தானே இழக்க. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். சிரிக்கவே இல்லையாம். நான் போன பிறகு, சாகிறவரை, பதினோரு வருஷம். நான் எங்கே இருந்தேன்? சந்திரனிலா இருந்தேன்? ரயில்வே கேட்டைத் தாண்டினால் என் வீடு, டூட்டி முடிந்து போகிற வழி, என் வீட்டுச் சுவரை ஒட்டித்தான் தினமும் நடந்துபோனார், அந்தச் செருப்புச் சத்தம் கேட்டால் நான் கதவுக்குப் பின்னால் வந்து நிற்பேன். சிரிக்காமல் இருக்கத் தெரிந்தவருக்கு நின்று ஒரு தடவை கூப்பிடத் தெரியவில்லையா, ஏய் பூரணம் என்று? கூப்பிட்டிருந்தால் செருப்புக்கூடப் போடாமல் ஓடியிருப்பேனே. வாயை மூடிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டு இப்போது இவன் வாயால் சொல்லி அனுப்புகிறார். வைத்துக்கொள்ளுங்கள் உங்கள் துக்கத்தை நீங்களே. அழுகை வந்தது, வரட்டும், முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை.

யாழினி பேனாவைத் திறந்தாள். என் மாமனாரை நினைத்து அழுகிறேன் என்று நினைத்திருப்பாள், தணிந்த குரலில் கேட்டாள்: "பேரு எப்படிம்மா போடணும்?"

சொல்ல இன்னும் நேரம் இருந்தது. ரெண்டு பேரும் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மரியசூசை" என்றேன். "எஸ். மரியசூசை. எஸ்ஸுன்னா சவரிமுத்து."

அவள் எழுதிக்கொண்டாள். படத்தைப் பெரிசு பண்ணிக் கல்லில் பதிப்பார்களாம், முகம் நன்றாகத் தெரியுமாம். தெரியட்டும். மார்க்கெட்டுக்குப் போகிற வழிதான். தினமும் நின்று பார்ப்பேன். யார் கேட்டாலும் மாமனார் என்பேன்.